கிணற்று நீச்சல்காரர்கள் கடலில் இறங்கும் முன்: கடற்கரைக் கொடிகளைப் படிக்கவும் பத்திரமாகக் குளிக்கவும் ஒரு முழு வழிகாட்டி

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து வேன் பிடித்துக் கடலுக்குப் போகும் கூட்டங்களோடு பல வருடங்களாகப் போய்வருகிறேன். திருச்செந்தூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி, இந்தப் பக்கம் பாலக்காடு தாண்டினால் பொன்னானி, கோழிக்கோடு. நீச்சல் தெரியாதவர்கள் சொன்னால் கேட்டு, முழங்கால் தண்ணீரிலேயே நின்றுகொள்வார்கள். சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடப்பட்டு நீச்சல் பழகிய நம் ஆட்களைத்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

கிணற்றுத் தண்ணீர் நகராது. நான்கு கை வீசினால் சுவரோ படியோ எட்டிவிடும். கடலில் தண்ணீரே ஆளைத் தூக்கிக்கொண்டு போகும்; பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. அதனால் இறங்குவதற்கு முன் செய்யும் வேலைகள்தான் கடல் குளியலில் பெரிய பகுதி. கீழே உள்ள வரிசைப்படியே செய்யுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது பாதிதான் பயன்படும்.

1. ஊரிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கேரளக் கரையில் அலை மூர்க்கமாக இருக்கும். கோவையில் ஆடிக் காற்று சுகமாக வீசுகிறதென்று கோழிக்கோட்டுக்குக் கிளம்பாதீர்கள், அதே காற்றுதான் அங்கே கடலைக் கிளப்பிவிட்டிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது நம் கிழக்குக் கரையின் முறை.

அடுத்து எச்சரிக்கை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையம் அலை உயரம், கடல் சீற்றம் பற்றி முன்கூட்டியே அறிவிக்கிறது. கிளம்புவதற்கு முதல் நாள் அதன் இணையதளத்தையோ மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையோ பார்த்துவிடுங்கள். உள்ளூர் வானத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஏன் போதாது என்பதற்குக் காரணம் உண்டு. மலையாளத்தில் கள்ளக்கடல் என்று ஒன்றைச் சொல்வார்கள். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் அடித்த புயலின் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கள்ளன் போலச் சத்தமில்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த 5 பிள்ளைகள் இறந்தது இப்படிப்பட்ட கடல் சீற்ற நாளில்தான். எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது.

சாமான்கள் அதிகம் வேண்டாம். வேனில் எப்படியும் இருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று காலியானதும் மூடியை இறுக்கி மூடி வைத்துக்கொள்ளுங்கள். கேரியரில் மூட்டை கட்டும் கயிறு ஒன்று. இரண்டும் எதற்கென்று ஒன்பதாவது பகுதியில் வரும். விசில் ஒன்று இருந்தால் நல்லது.

உடை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நனைந்த சேலையும் துப்பட்டாவும் காலைச் சுற்றும். வேட்டியும் லுங்கியும் அப்படியே. டீசர்ட், லெக்கின்ஸ், அரைக்கால் சட்டை போதும். குழந்தைகளுக்கு ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள் மாதிரி நிறங்களைப் போடுங்கள். நீல உடுப்பும் வெள்ளை உடுப்பும் தண்ணீருக்கும் நுரைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாது.

2. போய்ச் சேரும் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, விடியற்காலை ஐந்து மணிக்குக் கரையில் இறங்குவார்கள். டிரைவர் தூங்கப் போவார், இளவட்டங்கள் நேராகத் தண்ணீருக்குள் ஓடுவார்கள். அந்த நேரத்தில் உயிர்காப்பாளர் வந்திருக்க மாட்டார், கொடியும் நட்டிருக்க மாட்டார்கள். முந்தின நாள் கழற்றாமல் விட்ட கொடி பறந்துகொண்டிருந்தாலும் அது நேற்றைய கடலைப் பற்றியது.

இன்னொன்று, இரவிலும் அதிகாலையிலும் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் தண்ணீர் வழவழவென்று அமைதியாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். லாரி டியூபில் மிதக்கும் குழந்தையை அதே காற்று மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும்.

சரி, ஐந்து மணிக்கே சேர்ந்துவிட்டால்? சூரிய உதயம் பாருங்கள், காப்பி குடியுங்கள், கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள். உயிர்காப்பாளர் வந்து, கொடி ஏறிய பிறகு இறங்குங்கள். முதல் நாள் இரவு குடித்தவர்கள் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். இதில் மாமன் மச்சான் என்று முகம் பார்க்காதீர்கள்.

3. எது கடல் கொடி என்று கண்டுபிடியுங்கள்

நம் கரைகளில் கொடிகளுக்குக் குறைவே இல்லை. படகுகளில் கட்சிக் கொடி பறக்கும். கோயில் கொடி, தேவாலயக் கொடி இருக்கும். வலை போட்ட இடத்தை அடையாளம் காட்ட மீனவர்கள் மிதவையில் கட்டிய துணி கடலுக்குள் ஆடிக்கொண்டிருக்கும். இதில் எதுவும் குளிக்கிறவர்களுக்கானது இல்லை.

உயிர்காப்பாளர் உட்காரும் மேடையையோ குடையையோ தேடுங்கள். அதன் பக்கத்தில், கரையோர மணலில் கம்பத்தில் நட்டிருப்பதுதான் நமக்கான கொடி. வேனை நிறுத்திய இடத்திலிருந்து தெரியாவிட்டால் நடந்து போய்ப் பாருங்கள்.

தொலைக்காட்சியில் சொல்லும் ‘மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு’ துறைமுகத்தில் கப்பல்களுக்காக ஏற்றுவது. கூண்டு ஏற்றியிருந்தால் குளிக்கும் பேச்சே இருக்கக் கூடாது. ஆனால் கூண்டு இல்லை என்பதைக் குளிக்க அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

4. நிறங்களின் பொருள்

மேல் பாதி சிவப்பு, கீழ்ப் பாதி மஞ்சள்: உயிர்காப்பாளரின் கண்காணிப்பில் இருக்கும் இடம். இப்படி இரண்டு கொடிகளைத் தள்ளித் தள்ளி நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் சிவப்பைப் பார்த்ததும் ஆபத்து என்று நினைத்து, கூட்டமும் இல்லை கொடியும் இல்லை என்று நூறடி தள்ளிப் போய் இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காவல் இருக்கும் இடத்தை விட்டு, காவல் இல்லாத இடத்துக்கு அவர்களாகவே போகிறார்கள். இந்த ஒரு கொடியை மட்டுமாவது வேனிலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

முழுச் சிவப்பு: இறங்காதீர்கள். கால் நனைப்பதும் வேண்டாம், ஏனென்றால் அப்படிப்பட்ட நாளில் ஒரு பெரிய அலை கரையில் நிற்பவரையே இழுத்துப்போட்டுவிடும். அமெரிக்கா போன்ற இடங்களில் ஒற்றைச் சிவப்பு என்றால் கடும் ஆபத்து, இரட்டைச் சிவப்பு என்றால் கடலே மூடப்பட்டது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம். ஒன்றோ இரண்டோ, சிவப்பைப் பார்த்தால் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சள்: நடுத்தர ஆபத்து. அலையோ இழுப்போ இருக்கிறது. நீச்சல் தெரியாதவர்களும் குழந்தைகளும் இறங்கக் கூடாது; தெரிந்தவர்களும் இடுப்பளவைத் தாண்டக் கூடாது.

பச்சை: சில ஊர்களில் மட்டும் ஏற்றுவார்கள். ஆபத்து குறைவு என்று பொருள். ஆபத்தே இல்லை என்று எந்தக் கொடியும் சொல்லாது.

ஊதா: ஜெல்லி மீன் போலக் கொட்டும் உயிர்கள் தண்ணீரில் இருக்கின்றன. கரையில் கண்ணாடிக் கட்டி மாதிரி ஒதுங்கிக் கிடப்பதையும் தொடாதீர்கள், செத்த பிறகும் அதன் இழைகள் கொட்டும். பட்டுவிட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இழையைக் கையால் தொடாமல் அட்டை மாதிரி எதையாவது வைத்து எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வையுங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

கறுப்பும் வெள்ளையும் நான்கு கட்டமாக: அலைச்சறுக்குப் பலகைக்காரர்களுக்கு ஒதுக்கிய இடம். பலகை தலையில் அடிக்கும், அங்கே குளிக்காதீர்கள்.

ஆரஞ்சு நிறத்தில் காற்று நிரம்பி ஆடும் துணிப்பை: காற்று கடலை நோக்கி அடிக்கிறது. டியூப், ரப்பர் படகு, காற்றடைத்த பொம்மை எதையும் தண்ணீரில் விடக் கூடாது.

நீலக் கொடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோழிக்கோடு பக்கத்துக் காப்பாடு, சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம் ஆகிய கரைகள் ‘புளூ ஃபிளாக்’ சான்று பெற்றவை. சுத்தம், நீரின் தரம், வசதிகள், பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாவற்றையும் பார்த்து அந்தக் கரைக்குக் கொடுக்கும் சான்று அது. இன்றைக்குக் காலையில் அலை எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீலக் கொடி பறக்கும் கரையிலும் அன்றைய சிவப்பையும் மஞ்சளையும் தேடித்தான் ஆக வேண்டும்.

வெளிநாடு போகிறவர்கள் இந்த நிறங்களை மனதில் வைத்துக்கொண்டாலும், அந்தக் கரையின் அறிவிப்புப் பலகையை ஒருமுறை படித்துவிடுங்கள். ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வேறுபாடு உண்டு.

5. கொடியே இல்லாத கரையில்

தமிழ்நாட்டில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. ஒரு தடைப் பலகை இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. கொடி இல்லாத கரையை மஞ்சள் கொடிக் கரையாக எடுத்துக்கொள்ளுங்கள்; பலகையில் குளிக்கத் தடை என்று இருந்தால் அதுதான் சிவப்பு. சென்னை மெரினாவில் அத்தனை கூட்டம் நின்றாலும் அங்கே குளிக்கத் தடைதான்.

பிறகு, வலை காயப்போடும் மீனவரிடம் போய்க் கேளுங்கள். “ஏனுங்ணா, இங்க எந்தப் பக்கமுங்க இழுக்கும்?” என்று கேட்டால் போதும், கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். “இங்க குளிக்கலாமுங்களா?” என்று கேட்பதைவிட இது நல்ல கேள்வி. அதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வரும். இழுப்பைக் கேட்டால் இடத்தையே காட்டுவார்கள்.

ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு ஒன்று. அக்னி தீர்த்தத்தில் கடல் குளம் மாதிரி இருக்கும். பாக் நீரிணைப் பக்கத்தை உள்ளூர்க்காரர்கள் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். காலையில் தீர்த்தமாடிய தைரியத்தோடு மதியம் தனுஷ்கோடியில் இறங்காதீர்கள். இரண்டு கடலும் மோதும் அரிச்சல்முனையில் கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

6. கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்

இதற்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆனாலும் விட்டுவிட முடியாத வேலை. அலைகள் கூட்டமாக வரும். பத்து நிமிடம் சின்ன அலையாக இருந்துவிட்டு, அடுத்து நாலைந்து பெரியது தொடர்ந்து வரும். வந்ததும் இறங்குகிறவர் சின்ன அலைகளை மட்டுமே பார்த்திருப்பார்.

பார்க்க வேண்டியது முக்கியமாக இழுப்பு. ரிப் கரண்ட் என்று சொல்வது இதைத்தான். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல்மேட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே சேர்ந்து, ஒரு வாய்க்கால் மாதிரி உள்ளே ஓடும். சாதாரணமாக நொடிக்கு ஒன்றிரண்டு அடி வேகம். சில நேரம் 8 அடி வரை போகும். அந்த வேகத்தை ஒலிம்பிக் நீச்சல்காரராலும் எதிர்த்து நீந்த முடியாது.

அடையாளம் இது: இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளை நுரையாக இருக்கும், நடுவில் ஒரு பட்டையில் மட்டும் அலை உடையாது. தண்ணீர் கொஞ்சம் கருத்திருக்கும், அல்லது மணல் கலங்கியிருக்கும். நுரையும் குப்பையும் அதன் வழியாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். பழகாத கண்ணுக்கு அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அம்மாக்கள் தேடிப் போய் நிற்பதும் அங்கேதான். உயரமான இடத்திலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். வேனின் படியில் ஏறி நின்றுகூடப் பார்க்கலாம்.

தூண்டில் வளைவு என்று கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் இடங்களின் ஓரத்திலும், ஆறு வந்து சேரும் முகத்துவாரத்திலும், பாறைகளுக்கு இடையிலும் இழுப்பு அநேகமாக இருக்கும். அங்கே தேடிப் பார்க்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது கடல் திடீரென்று உள்வாங்கித் தரை தெரிந்தால்? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் திருச்செந்தூரில் கடல் உள்வாங்குவதும் ஜனங்கள் பாறை மேல் நடந்து படம் எடுப்பதும் செய்திகளில் வரும். 2004 டிசம்பர் 26 அன்று பல கரைகளில் சுனாமிக்கு முன்னால் கடல் இப்படித்தான் உள்ளே போனது. எது எந்த வகை என்று கரையில் நின்று பிரித்தறிய நம்மால் முடியாது. மேட்டுக்கு நடந்துவிடுங்கள்.

7. இறங்கும் முறை

ஒரு ஆளைக் கரையில் நிறுத்துங்கள். அவர் குளிக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பதுதான் வேலை. அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அவரும் சலித்துப்போய் இறங்கிவிடுவார்.

நீங்கள் இறங்கிய இடத்துக்கு நேராக ஒரு பனைமரமோ கோபுரமோ குறித்துக்கொள்ளுங்கள். கரையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடும் நீரோட்டம் தெரியாமலே ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பனைமரம் நகர்ந்திருந்தால் நகர்ந்தது நீங்கள்தான். கரையேறி, நடந்து திரும்பி வாருங்கள்.

தலைகீழாகப் பாயாதீர்கள். கிணற்றில் முப்பதடி ஆழம் என்று தெரிந்து பாய்கிறோம். இங்கே அடியில் மணல்மேடு எங்கே இருக்கிறதென்று தெரியாது. கழுத்தெலும்பு முறிந்தால் ஆயுளுக்கும் படுக்கைதான்.

அலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். குழந்தைகள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். “அம்மிணி, இங்கியே நில்லு” என்று சொல்லிவிட்டு நாம் உள்ளே போவது காவல் ஆகாது. ஒருவருக்கொருவர் கை கோத்துச் சங்கிலியாக நிற்பதும் வேண்டாம். ஒருவர் சாய்ந்தால் வரிசையே சாயும்.

8. இழுத்துக்கொண்டு போனால்

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும்போது குளித்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வாய்க்காலில் இறங்கியதும் தண்ணீர் தள்ளும். குதித்த படிக்கே திரும்ப வேண்டுமென்று எதிர்நீச்சல் போட்டால் நூறு கை வீசியும் அதே இடத்தில் இருப்போம். யாரும் அப்படிச் செய்வதில்லை. போகிற போக்கில் விட்டுவிட்டு, குறுக்கே கையடித்துக் கரையை ஒதுங்கிப் பிடித்து, அடுத்த படித்துறையில் ஏறுவோம்.

கடல் இழுப்பும் ஒரு வாய்க்கால்தான். அது கரையிலிருந்து உள்ளே ஓடுகிறது, அதன் ‘கரைகள்’ பக்கவாட்டில் இருக்கின்றன. பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டர் அகலம் இருக்கும். மணற்கரை கண்ணுக்கு எதிரே தெரிவதால் மனம் அதை நோக்கியே நீந்தச் சொல்லும். அதற்கு இடம் கொடுத்தால் மூன்று நான்கு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். மூழ்குவது அந்த ஓய்ச்சலால்தான். இழுப்பு ஆளை ஆழத்துக்குள் அமுக்குவதில்லை.

அதனால் வரிசை இப்படி. முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். உப்புத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட நன்றாகத் தாங்கும். அப்புறம் ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள், கூப்பிடுங்கள். பிறகு கரைக்கு இணையாக, அலை உடைந்து நுரைக்கும் பக்கமாக நீந்துங்கள். ஒரு பக்கம் நகர முடியாவிட்டால் மறுபக்கம் முயலுங்கள். இழுப்பு விட்டதும், அலையோடு சேர்ந்து சாய்வாகக் கரைக்கு வாருங்கள். நீந்தத் தெம்பில்லை என்றால் மிதந்துகொண்டே கை காட்டினால் போதும். இழுப்பு ஒரு தூரத்தில் தளர்ந்துவிடும்.

ஊரிலிருக்கும்போதே பத்து நிமிடம் அசையாமல் மல்லாந்து மிதக்கப் பழகுங்கள். வேகமாக நீந்தும் பலருக்கு இது வராது.

9. இன்னொருவர் தத்தளித்தால்

மூழ்குகிறவர் கத்துவதில்லை. வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும், தலை பின்னால் சாயும், கைகள் தண்ணீரை அமுக்கும். ஏணி ஏறுவது மாதிரித் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் கரையில் ஒரு ஆள்.

விசில் அடித்து உயிர்காப்பாளரையும் மீனவரையும் கூப்பிடுங்கள். இன்னொருவர் 112-க்கு அழைக்கட்டும். கடலோரப் பாதுகாப்புக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554, ஆம்புலன்சுக்கு 108.

வெறுங்கையோடு குதிக்காதீர்கள். தத்தளிப்பவர் பிடித்த பிடியை விடமாட்டார். தம்பியைக் காப்பாற்றப் போன அண்ணனும் சேர்ந்து போகும் செய்தி இதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மூடி இறுக்கிய அந்தத் தண்ணீர் கேனைக் கயிற்றில் கட்டி எறியுங்கள். கயிறு எட்டாவிட்டால் கேனை மட்டுமாவது எறியுங்கள். பெரிய ஆளையும் அது மிதக்க வைக்கும். “மார்போட அணைச்சுப் புடி” என்று கத்துங்கள்.

10. கரைக்குக் கொண்டுவந்த பிறகு

வயிற்றை அமுக்காதீர்கள், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றாதீர்கள். கிணற்றிலிருந்து எடுத்தவர்களுக்கு ஊரில் இப்படிச் செய்வதைப் பார்த்திருப்போம். வயிற்றுத் தண்ணீர் மேலேறி மூச்சுக்குழாயில் போகும், விலைமதிப்பில்லாத நிமிடங்களும் போகும்.

மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், ஈரத்துணியை மாற்றிப் போர்த்துங்கள். இல்லையென்றால் மல்லாத்தி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு கொடுங்கள். மூழ்கியவருக்குக் குறைவது பிராணவாயு என்பதால் மூச்சு முந்தி வருகிறது. பிறகு நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்துங்கள். 30 அழுத்தம், 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் செய்யுங்கள். இந்த ஆழமும் வேகமும் பெரியவர்களுக்கானவை. முதலுதவிப் பயிற்சி ஒன்றில் ஒருமுறை பொம்மையில் செய்து பழகியவருக்குத்தான் கை தானாக வரும். குழுவில் ஒருவராவது பழகிக்கொள்ளுங்கள்.

எழுந்து உட்கார்ந்து “எனக்கு ஒண்ணுமில்லீங்க” என்று சொன்னாலும், தண்ணீர் குடித்து இருமிக்கொண்டிருப்பவரை வேனில் ஏற்றி நேராக ஊருக்குத் திரும்பாதீர்கள். நுரையீரலுக்குள் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். அப்போது நீங்கள் நடுவழியில் இருப்பீர்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தார், நினைவு தப்பியதா, மூச்சு கொடுத்தீர்களா என்ற மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.